நீங்கள் ஒதுங்கியிருந்த அந்த மூன்று நாட்கள்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது. திருமணமாகி ஒரு வருடம் எட்டு மாதம் ஆகிறது. கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்து திங்கள் விடியற்காலை பஸ்ஸில் கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்கு முன்பு 32, 33 நாளில் வந்த மாதவிடாய் இப்போது 37 முதல் 41 நாள் வரை தள்ளிப்போகிறது. ஏழு கிலோ எடை கூடியிருக்கிறது: உயரம் 156 செ.மீ., எடை 64 கிலோ. ஸ்கேனில் 'இரண்டு பக்கமும் நீர்க்கட்டி, கருப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது' என்று வந்தது. 11, 13, 15ஆம் நாட்களில் ஃபாலிகுலர் ஸ்கேன் எடுத்து 'முட்டை வளரவில்லை' என்றும், 21ஆம் நாள் ரத்தப் பரிசோதனை செய்து 'முட்டை வெளிவரவில்லை' என்றும் சொல்லிவிட்டார்கள். பிறகு மூன்று மாதம், 16ஆம் நாளிலிருந்து 25ஆம் நாள்வரை ஹார்மோன் மாத்திரை. பீரியட்ஸ் சரியாக 28 நாளுக்கு வந்தது, கரு தங்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் பழையபடி 39 நாள்.

'14ஆம் நாள்தான் முட்டை வரும் என்று படித்து, 12 முதல் 16வரை ஒரு நாள்கூட விடாமல் இருந்தோம். அதற்காக அவர் லீவு போட்டு வந்தார்' என்று எழுதுகிறார். கூடவே, போகிற போக்கில், இதையும்: 'மாதாமாதம் 23ஆம் நாள் வாக்கில் மூன்று நாள் வெள்ளைப்படுகிறது. வழவழவென்று கண்ணாடி மாதிரி இழுக்கும். எலும்பு உருகுகிறது என்கிறார் அம்மா. பயந்துபோய் அந்த நாட்களில் அவரைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. மாத்திரை சாப்பிட்ட மூன்று மாதமும் அது வரவில்லை, அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன்.'

நீர்க்கட்டியை லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) எடுத்துவிடலாமா, டெஸ்ட் டியூப்புக்குப் போக வேண்டுமா, பரிசோதனைக்கு வர மறுக்கும் கணவரை என்ன செய்வது, 'அடுத்த தை வரைக்கும்தான் பார்ப்பேன், அப்புறம் வேறு பெண் பார்ப்பேன்' என்கிற மாமியாருக்கு என்ன பதில் சொல்வது. இவை அவருடைய கேள்விகள்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தகவல், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வெள்ளைப்படுதல்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன். அது நோய் அல்ல. எலும்பும் உருகவில்லை. முட்டை வெளிவரப் போகிறது என்று உங்கள் கருப்பை வாய் மாதாமாதம் தரும் அறிவிப்பு அது. பயந்து ஒதுங்கிய அந்த மூன்று நாட்கள்தான், நீங்கள் 12ஆம் நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்த நாட்கள்.

பின்னாலிருந்து எண்ண வேண்டும்

மாதவிடாய் ரத்தம் வந்த முதல் நாளை 1 என்று வைத்து முன்னோக்கி 14 எண்ணினால் முட்டை வெளிவரும் நாள் கிடைக்கும் என்பது, 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும் கணக்கு. சரியான கணக்கு, அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. 1924லேயே ஜப்பானில் ஒகினோ என்ற மருத்துவர், முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்பு என்று எழுதிவிட்டார். நூறு வருடம் ஆகியும் 14ஆம் நாள் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

ஏன் பின்னோக்கி? சுழற்சியில் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதியில் மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பி, சினைப்பையில் இருக்கும் சிறு நீர்க்குமிழ்களை வளர்க்கிறது. ஃபாலிக்கிள் என்று ஸ்கேனில் எழுதுவது இந்தக் குமிழைத்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை இருக்கிறது. அவற்றில் ஒன்று மட்டும் 10 மி.மீ. தாண்டி முன்னணிக்கு வந்து, நாளுக்குச் சுமார் 2 மி.மீ. வளர்ந்து, 20 மி.மீ.யை ஒட்டி வெடிக்கும். வளர வளர அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் ஏறுகிறது. அந்த அளவு உச்சத்தில் இரண்டு நாள் நிலைத்தால், பிட்யூட்டரி எல்ஹெச் ஹார்மோனை ஒரே வீச்சில் கொட்டுகிறது. அது ஏறத் தொடங்கி 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். இந்த முதல் பாதி எத்தனை நாள் வேண்டுமானாலும் நீளும். எடை கூடினால், தைராய்டு குறைந்தால், உறக்கம் கெட்டால், பெரிய காய்ச்சல் வந்தால் அது நீளும்.

இரண்டாம் பாதி அப்படி அல்ல. வெடித்த குமிழ் மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறி புரொஜெஸ்ட்ரோனைச் சுரக்கும். கரு தங்காவிட்டால் 12 முதல் 14 நாளில் வாடிவிடும். கருப்பையின் உள்படலம் உதிரும். அதுதான் மாதவிடாய். ஆகவே உங்கள் 39 நாளில் கூடுதலாக இருக்கும் 11 நாளும் முதல் பாதியின் கணக்கு. 39லிருந்து 14ஐக் கழித்தால் 25. வழவழப்பு 23, 24, 25ஆம் நாட்களில் வருகிறது என்கிறீர்கள். அது நின்று 13, 14 நாளில் பீரியட்ஸ் வருகிறது. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

முட்டை வெளிவந்தபின் 12 முதல் 24 மணி நேரமே உயிரோடிருக்கும். விந்தணு, கருப்பை வாயின் வழவழப்பான திரவத்தில் ஐந்து நாள்வரை தாங்கும். ஆக ஒரு சுழற்சியில் கரு உருவாகக்கூடிய நாட்கள் ஆறு: முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். அவற்றிலும் கடைசி மூன்று நாட்களுக்கே வலு அதிகம். உங்களுக்கு அந்த ஆறு நாள் 20 முதல் 25வரை. நீங்கள் முயன்றது 12 முதல் 16.

இதே காலண்டர்தான் உங்கள் பரிசோதனைகளையும் கெடுத்திருக்கிறது. 15ஆம் நாள் ஸ்கேனில் பெரிய குமிழ் 9 மி.மீ. என்று நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் இருக்கிறது. 25ஆம் நாள் முட்டை வரும் பெண்ணுக்கு 15ஆம் நாள் அப்படித்தான் இருக்கும். அதோடு நிறுத்தாமல் 18, 21, 23 என்று பார்த்திருக்க வேண்டும். 21ஆம் நாள் புரொஜெஸ்ட்ரோன் பரிசோதனையும் 28 நாள் சுழற்சிக்கானது. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுப்பதுதான் அதன் பொருள். உங்களுக்கு 32ஆம் நாள் எடுத்து 3 நானோகிராமுக்கு மேல் வந்தால் முட்டை வெளிவந்தது உறுதி. 21ஆம் நாள் 0.4 வந்ததில் எந்த அதிர்ச்சியும் இல்லை. முட்டை அப்போது வந்திருக்கவே இல்லை.

வெள்ளைப்படுதலைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல விரித்துப் பாருங்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல, நிறமில்லாமல், அறுந்துபோகாமல் பல செ.மீ. நீண்டால் அது ஈஸ்ட்ரோஜென் செய்யும் வேலை. விந்தணு நீந்திப் போக வழி அது. முட்டை வெளிவந்ததும் புரொஜெஸ்ட்ரோன் அந்த வழியை மூடிவிடும். திரவம் பசைபோலக் கெட்டியாகி, இழுத்தால் உடனே அறும், அல்லது வறண்டுவிடும். வழவழப்பு இருந்த கடைசி நாள்தான் முட்டை வரும் நாளுக்கு மிக நெருக்கம்.

மருத்துவரிடம் காட்ட வேண்டியது வேறு வகை. அரிப்போடு திரிதிரியாகத் தயிர் போல வந்தால் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தால் பாக்டீரியா. பச்சை நிறம், அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. ஆகவே உள்ளே வைக்கும் மாத்திரையோ, கழுவும் திரவமோ வேண்டாம். நல்ல தண்ணீர் போதும்.

அம்மாவிடம் கோபப்பட வேண்டாம். அவர் கேள்விப்பட்டதைச் சொன்னார். இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மாத்திரை தந்த 28 நாள்

அந்த மூன்று மாதம் வழவழப்பு வராதது நல்ல அறிகுறி என்று நினைத்தீர்கள். நடந்தது நேர்மாறானது. நீங்கள் சாப்பிட்டது புரொஜெஸ்ட்ரோன் வகை. முட்டை வந்த பிறகு உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை, முட்டை வருவதற்கு ஒன்பது நாள் முன்பே வெளியிலிருந்து கொடுத்தால் கருப்பை வாயின் திரவம் கெட்டியாகும், உள்படலம் நேரத்துக்கு முன்பே முதிரும், எல்ஹெச் வீச்சு தடைபடவும் கூடும். 25ஆம் நாள் நிறுத்தியதும் இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும். அது மாத்திரை நின்றதால் வந்த ரத்தம். முட்டை வந்து முடிந்த மாதவிடாய் அல்ல.

அந்த மாத்திரைக்கும் இடம் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் பீரியட்ஸ் வராமல் இருந்தால் கருப்பையின் உள்படலம் தடித்துக்கொண்டே போகும், அது நல்லதல்ல; கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மாத்திரை கொடுத்து உதிர வைப்பது சரியான சிகிச்சை. ஆனால் 39 நாளில் தானே வரும், குழந்தைக்கு முயலும் பெண்ணுக்கு 16ஆம் நாளே அதைத் தொடங்குவது பலன் தராது. அடுத்த முறை யாராவது எழுதிக் கொடுத்தால் 'எனக்கு முட்டை வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு தொடங்கலாமா' என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நீர்க்கட்டி என்று எழுதப்படுவது

பிசிஓஎஸ் என்ற நிலைக்குத் தமிழில் நீர்க்கட்டி என்ற பெயர் வந்து சேர்ந்ததுதான் பாதிப் பயத்துக்குக் காரணம். உங்கள் ஸ்கேனில் இருப்பவை கட்டிகள் அல்ல. 2 முதல் 9 மி.மீ. அளவில் வளர்ச்சி நின்று காத்திருக்கும் அதே ஃபாலிக்கிள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை. 'எடுத்துவிடலாமா' என்றால், எடுக்கக் கட்டி எதுவும் இல்லை. லேப்ராஸ்கோப்பியில் சினைப்பையைச் சுட்டுத் துளையிடும் சிகிச்சை ஒன்று உண்டு. மாத்திரைகள் பலிக்காத சிலருக்கு அது உதவும், ஆனால் முட்டைக் கையிருப்பைக் குறைக்கலாம், உள்ளே திசுக்கள் ஒட்டிக்கொள்ளலாம். இன்றைய நிலையில் உங்களுக்கு அது தேவையில்லை.

ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யவும் கூடாது. தள்ளிப்போகும் சுழற்சி, ஆண் ஹார்மோன் மிகுதி (தாடையில் முடி, முகப்பரு, அல்லது ரத்தத்தில் தெரிவது), ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அதற்கு முன் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கோளாறுகள் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். உங்கள் சுழற்சி 35 நாளைத் தாண்டுவதால் பிசிஓஎஸ் இருக்க வாய்ப்புண்டு, ஆனால் லேசான வகை. முட்டை வராமல் இல்லை. வருடத்துக்கு 13 முறை வர வேண்டியது 9 முறை வருகிறது, அவ்வளவுதான்.

ஏழு கிலோவுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எடை கூடும்போது ரத்தத்தில் இன்சுலின் ஏறும். அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும். அதனால் குமிழ்கள் பாதியில் நிற்கும், முதல் பாதி நீளும். மொத்த எடையில் 5 சதவீதம், உங்களுக்குச் சுமார் 3 கிலோ, குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சுருங்கத் தொடங்குகிறது. பட்டினி வேண்டாம். இரவு ஒன்பதரைக்கு மேல் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எட்டு மணிக்குள் கொண்டுவாருங்கள். தட்டில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும், சுண்டலோ முட்டையோ வையுங்கள். டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். தினம் 40 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடங்கள்.

கருப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பது ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இயல்பு. கரு தங்க அது தடையல்ல. உறவுக்குப் பின் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுக்கவும் தேவையில்லை.

கணவருக்கான பரிசோதனை

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு வகை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மூன்று மாத மாத்திரை எல்லாம் முடிந்துவிட்டன. வலியே இல்லாத, செலவு குறைந்த விந்துப் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை. இது உங்களுக்கு நியாயமல்ல. இதற்கு மேல் நீங்கள் எந்த மாத்திரை தொடங்கும் முன்பும் அது நடந்தாக வேண்டும்.

அவருக்கு இருப்பது வீம்பு என்பதைவிடக் கூச்சம் என்றே உங்கள் கடிதத்திலிருந்து படுகிறது. ஊரில் தெரிந்த லேப் வேண்டாம்; திருப்பூரிலேயே புதன் அல்லது வியாழன் கொடுக்கட்டும். கடைசி உறவிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். திங்கள் கிளம்பியவருக்கு அந்தக் கணக்கு தானாகச் சரியாகிறது. லேபிலேயே தனி அறையில் கொடுப்பது நல்லது. தான் தங்கியிருக்கும் அறையிலிருந்து எடுத்துப் போனால் முழுவதும் ஒரே டப்பாவில் சேர்த்து, சட்டைக்குள் உடல் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சோப்பு, எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் படக்கூடாது. ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி அணுக்கள், மொத்தத்தில் 42 சதவீதம் அசைவு என்பவை உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ் எல்லை. குறைவாக வந்தால் அதோடு முடிவுகட்ட வேண்டாம். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். புகையை, மதுவை நிறுத்தி மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்த நான்கு மாதம்

உங்கள் முன்னால் இரண்டு வழி. ஒன்று, மருந்தில்லாமல் மூன்று சுழற்சி சரியான நாட்களில் முயல்வது. இன்னொன்று, முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையோடு இப்போதே தொடங்குவது: பீரியட்ஸின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள், தினம் 2.5 மி.கி., கூடவே ஸ்கேன். பிசிஓஎஸ்ஸுக்கு இன்று முதல் தேர்வு அதுதான். முட்டை சீக்கிரம் வரும், இரட்டைக் குழந்தை வாய்ப்பு லேசாகக் கூடும். மருந்தோடு வரும் தாளில் மார்பகப் புற்றுநோய்க்கு என்று அச்சிட்டிருக்கும், பயப்படாதீர்கள். கருத்தரிப்புக்காக இதைக் கொடுப்பதற்கு இந்தியாவில் 2011இல் விதித்த தடையை 2017இல் விலக்கிவிட்டார்கள். மருத்துவர் இல்லாமல், கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் மட்டும் தொடங்கக் கூடாது.

விந்துப் பரிசோதனை சரியாக இருந்து, 32ஆம் நாள் புரொஜெஸ்ட்ரோனும் முட்டை வந்ததைக் காட்டினால், முதல் வழியைத்தான் நான் சொல்வேன். உங்களுக்கு 26 வயது. நீங்கள் இன்னும் ஒரு சுழற்சிகூடச் சரியான நாளில் முயன்று பார்க்கவில்லை. மூன்று சுழற்சியில் தங்காவிட்டால் லெட்ரோசோல், கூடவே கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்ற பரிசோதனை. டெஸ்ட் டியூப் பேச்சு இப்போது வேண்டாம்.

வார இறுதி மட்டும் என்பது பெரிய இடைஞ்சல்தான். முட்டை சனி முதல் புதனுக்குள் வந்தால் அவர் வந்துபோன நாட்களே உதவும். வியாழன், வெள்ளி என்றால் கைநழுவக்கூடும். ஆகவே லீவை 12ஆம் நாளில் செலவழிக்காமல் வைத்திருங்கள். வழவழப்பு தெரிந்த அன்று போன் செய்யுங்கள், அன்றிரவோ மறுநாளோ வரட்டும். தினமும் வேண்டும் என்றில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். முட்டை வரும் நாளைச் சிறுநீரில் பார்க்கக் கடையில் விற்கும் எல்ஹெச் அட்டையை நம்ப வேண்டாம். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எல்ஹெச் எப்போதுமே சற்று உயர்ந்திருப்பதால் பொய்யாக இரண்டு கோடு காட்டும்.

இன்றே தொடங்க வேண்டியது ஃபோலிக் ஆசிட், தினம் 400 மைக்ரோகிராம். பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்: டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), புரோலாக்டின், ஹீமோகுளோபின், ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) எதிர்ப்பு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை.

மாமியார் சொன்னது பற்றி. குழந்தை இல்லை என்பது இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணமே அல்ல. நீங்கள் மனைவியாக இருக்கும்போது இன்னொரு திருமணம் குற்றம். பேச்சு மிரட்டலாக மாறினால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அதற்கு முன், அவரிடம் பேச வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். 'ரெண்டு பேருக்கும் டெஸ்ட் நடக்குது, டாக்டர் நாலு மாசம் டைம் சொல்லியிருக்கார்' என்று அவர் வாயால் ஒருமுறை சொன்னாலே வீட்டில் பேச்சு மாறும்.

கடைசியாக, கர்ப்பப் பரிசோதனை அட்டை. மாதாமாதம் 32ஆம் நாள் கர்ப்பப் பரிசோதனை செய்து ஒற்றைக் கோட்டைப் பார்த்து அழுவதாக எழுதியிருந்தீர்கள். 25ஆம் நாள் முட்டை வந்தவருக்கு 32ஆம் நாள், கரு உருவாகியிருந்தாலும் பெரும்பாலும் கருப்பையில் பதிந்திருக்காது. அட்டையால் காட்ட முடியாது. வழவழப்பு நின்ற நாளைக் குறித்துவைத்து, அதிலிருந்து 16 நாள் கழித்து, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். இரண்டு கோடு வந்தபின் ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, ரத்தக்கசிவு, தோள்பட்டை வலி, மயக்கம் எது வந்தாலும், கரு குழாயில் தங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.